முதலில் ஷூவைப் போடு!

டிசம்பர் மாதத்து மியூனிக். காலை எட்டு மணிக்குத்தான் விடியும். மாலை நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இடையில் கிடைக்கிற எட்டு மணி நேரப் பகலிலும் பாதி நாள் மேகம். அந்தப் பகலையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஜன்னலை மூடும் ரோலாடன் மறைப்பைக் கீழே இறக்கி, போர்வைக்குள் போனோடு சுருண்டு கிடக்கிறாயே தம்பி, உன்னோடுதான் பேசுகிறேன். தங்கச்சி, உன்னோடும்தான். எழுந்திரு!

உன் நெஞ்சில் இருக்கிற கனம் எனக்குத் தெரியும். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் முடக்கிப் போட்ட 11,904 யூரோவுக்காக அப்பா எந்தப் பத்திரத்தை எங்கே வைத்தார் என்பது உனக்கு மனப்பாடம். பரீட்சை ஒன்று போய்விட்டது. வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்கு வரிசையாக 'லைடர்' வருகிறது. துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கண்டுவிட்டால் மின்னஞ்சலின் மீதியைப் படிக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக் கிடக்கும். தெருவில் ஆளிருக்காது. இவ்வளவும் சேர்ந்தால் மனசு சோர்ந்துதான் போகும். சோர்வது தப்பே இல்லை. "மனசு சரியானதும் எழுந்திருப்பேன்" என்று படுத்துக் காத்திருக்கிறாய் பார், அதுதான் தப்பு. காத்திருந்தால் அது வராது. வரவே வராது!

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? இந்த ஊரில் என் முதல் குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் எனக்கு மூன்று லைடர் வந்தது. புதன்கிழமை படுத்தவன் சனிக்கிழமை வரை எழவில்லை. குளிக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. அறை மூலையில் காலித் தண்ணீர் பாட்டில்கள் ஒரு கட்டைப்பை நிறையச் சேர்ந்திருந்தன. சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பை தானாகச் சரிந்தது. பாட்டில்கள் தடதடவென்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. எரிச்சலோடு குனிந்து பொறுக்கினேன். பொறுக்கியதும் எண்ணினேன்: பதினொன்று. கடையில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு 25 சென்ட். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடையின் மெஷினில் ஒவ்வொரு பாட்டிலாகத் தள்ளினேன். உள்ளே போய்ச் சுழன்று, நசுங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... திரையில் எண் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் 2 யூரோ 75 சென்ட் என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குத் தக்காளியும் வெங்காயமும் வாங்கினேன். காசாளர் அம்மா "வார இறுதி நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தியபோது பதில் சொன்னேன் பார், மூன்று நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியிருந்தது. வேலை கிடைத்துவிட்டதா? இல்லை. மூன்று லைடரும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அவற்றைச் சுமக்க எனக்கு முதுகு திரும்பி வந்திருந்தது! மனம் மாறி நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தேன், மனம் மாறியது.

இது என் ஒருவனுக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை. திருக்குறளில் அதிகார வரிசையைப் பார். அறுபதாவது ஊக்கமுடைமை. அறுபத்தொன்று மடியின்மை. அறுபத்திரண்டு ஆள்வினையுடைமை. இவற்றுக்கெல்லாம் பிறகு, அறுபத்து மூன்றாவதாகத்தான் இடுக்கணழியாமை. துன்பத்தில் உடையாமல் நிற்பது கடைசியில் வருகிறது. அதற்கு முன் சோம்பலை உதறு, கையையும் காலையும் வேலையில் இறக்கு என்கிறது அந்த வரிசை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீ வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் தெம்பு வரட்டும், பிறகு வேலை செய்கிறேன் என்கிறாய்!

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். மியூனிக்கிலிருந்து தென்மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் ஆண்டெக்ஸ் இருக்கிறது. மலைமேல் மடாலயம் உள்ள ஊர். யூர்கன் அஷோஃப், ரூட்கர் வேவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960களில் அங்கே நிலத்தடியில் ஓர் அறை அமைத்தார்கள். ஜன்னல் கிடையாது. கடிகாரம் கிடையாது. சத்தமும் உள்ளே வராது. தாமாக முன்வந்தவர்கள் அதற்குள் வாரக்கணக்கில் தங்கினார்கள். எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பது அவரவர் இஷ்டம். 1989 வரை நானூறு பேருக்கு மேல் அப்படி இருந்து பார்த்தார்கள். என்ன தெரிந்தது? பெரும்பாலோரின் 'ஒரு நாள்' 24 மணி நேரத்தில் நிற்காமல் 25 மணி நேரத்தை ஒட்டி நீண்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, வெளியே ஊர் விழித்திருக்கும்போது இவர்கள் தூங்கினார்கள். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் முள்ளை நாள்தோறும் சரிசெய்து வைக்க வெளியுலகம் வேண்டும், முக்கியமாகப் பகல் வெளிச்சம் வேண்டும். ரோலாடனை இறக்கிவிட்டுப் படுத்திருக்கும் உன் அறை என்ன? மாத வாடகை கொடுத்து நீயே எடுத்துக்கொண்ட ஆண்டெக்ஸ் பாதாள அறை!

நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவர் வெயில் கொளுத்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். குளிர்காலம் வந்தால் தனக்குத் தெம்பு வடிந்துபோவதைக் கவனித்தார். 1984-இல் தம் குழுவினரோடு அவர் வெளியிட்ட ஆய்வுதான் குளிர்காலச் சோர்வுக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் கொடுத்தது. வெயிலில் பிறந்த நமக்கு இங்கே மனம் மங்குவது நம் கோழைத்தனத்தால் அல்ல என்று தெரிந்துகொள்ள இது போதும். வீட்டு விளக்கில் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய மத்தியானத்தில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் கொட்டிக் கிடக்கிறது. இலவசமாக! மத்தியானம் அரை மணி நேரம் வெளியே போ. எங்கே போவது என்று யோசிக்காதே. இங்கிலீஷ் கார்டன் பூங்கா 1792-இலிருந்து உனக்காகத் திறந்து கிடக்கிறது. ஈசார் ஆற்றங்கரை இருக்கிறது. தொப்பியையும் கையுறையையும் போட்டுக்கொண்டு நட. போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

வெளியே இறங்க இன்னும் காலில் தெம்பில்லையா? வாஷ்பேசினுக்குப் போ. குளிர்ந்த நீரை நிரப்பி, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே வரை அரை நிமிடம் அமிழ்த்தி எடு. செபாஸ்டியான் க்னைப் பாதிரியாரின் நீர் வைத்தியத்தில் வருகிற முறை இது. ஒரு கப் காப்பிக்குச் சமம் என்பார்கள் இங்குள்ளவர்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளையான க்னைப், மாணவராக இருந்தபோதே நுரையீரல் நோயில் விழுந்து, குளிர்ந்த நீரையே துணையாகப் பிடித்து எழுந்தவர். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

பிறகு அடுப்பைப் பற்றவை. பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம், ரசம் வை. மிளகையும் சீரகத்தையும் தட்டு. கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேள். ஒரு தம்ளர் அதிகமாகவே வைத்து, அடுத்த அறைக் கதவைத் தட்டு. உள்ளே கொலம்பியாக்காரனோ கொச்சிக்காரனோ உன்னைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஒரு வாய் சூடாகக் குடிக்கக் கொடு. உன் சோகத்தை அவனிடம் கொட்டவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் இன்னொருவர் ரசம் உறிஞ்சும் சத்தம் போதும். இங்கே சாயங்காலம் நாலு மணி என்றால் ஊரில் இரவு எட்டரை. அம்மா சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கூப்பிடு. "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்லாதே. "இன்னிக்கு மனசு சரியில்லம்மா, ரசம் வெச்சேன்" என்று சொல். அவள் தாங்குவாள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரமாகியும் இருள் விலகவில்லை, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால், அது நடையும் ரசமும் தீர்க்கிற விஷயம் அல்ல. மருத்துவரிடம் போ. பவேரியா மாநிலம் முழுவதற்கும் இரவு பகலாக இயங்கும் மனநல நெருக்கடி உதவி எண் 0800 655 3000. கட்டணமில்லை. கால் ஒடிந்தால் கட்டுப்போட வெட்கப்படுவாயா? அந்த எண்ணை அழுத்துகிற விரல் கோழையின் விரல் அல்ல. வாழ்ந்தே தீருவேன் என்கிற விரல்!

வருகிற சனிக்கிழமை நான் ஒலிம்பியாபெர்க் ஏறப் போகிறேன், நீயும் வா. 1972 ஒலிம்பிக் பூங்காவில் இருக்கிற அந்தக் குன்று கடவுள் படைத்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து நொறுங்கிய மியூனிக் வீடுகளின் செங்கல்லையும் காரையையும் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிய மேடு அது. பழைய நகரம் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோன ஊர் இது. அன்றைக்கு இங்கிருந்தவர்கள் மனசு தெளிந்த பிறகா மண்வெட்டியை எடுத்தார்கள்? அழுதுகொண்டே அள்ளினார்கள். ஒரு வாளி, இன்னொரு வாளி. அது இன்று ஏறக்குறைய அறுபது மீட்டர் உயரத்துக்குப் புல் முளைத்து நிற்கிறது; பனி விழுந்தால் குழந்தைகள் அதில் சறுக்கு வண்டி விடுகிறார்கள். தெற்கிலிருந்து 'ஃபோன்' (Föhn) என்கிற மலைக்காற்று அடிக்கிற நாளில் அதன் உச்சியில் நின்றால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நான் என் மூன்று லைடரோடு முதல் முறை அங்கே ஏறியபோது மேகமாகத்தான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மறுவாரமும் ஏறினேன்.

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது மணி மூன்று. இருட்ட இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் மிச்சம். ரோலாடனின் பட்டையைப் பிடித்து இழு, மேலே போகட்டும். மூலையில் இருக்கிற பாட்டில்களைப் பையில் போடு. ஷூ கதவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. குனி. லேஸைக் கட்டு.