காட்சியும் கடனும்

பயணம் இருவகைப்படும். ஓரிடத்தை அடைதற்பொருட்டுச் செல்வது ஒன்று. வழியையே பயனாகக் கொண்டு செல்வது மற்றொன்று. முன்னது தேவையின்பாற்பட்டது, பின்னது ஓய்வின்பாற்பட்டது. விடுமுறை நாளொன்றில் பிரிக்பீல்ட்சிலிருந்து காரில் புறப்படும் குடும்பம் ஒன்று, கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானை அடைந்து, அங்கிருந்து கோல சிலாங்கூர் நோக்கி மெல்லச் செல்கின்றது. நகரம் பின்தங்க, ஆங்காங்கே செம்பனைகள் அணிவகுத்து நிற்கின்றன. ‘என்னே அழகு!’ என அனைவரும் வியக்கின்றனர். இவ்வியப்பில் பிழையில்லை. ஆயின், அது முழுமையானதோ என்பதே ஈண்டு எழும் வினா.

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தை வெறுங் காட்சியாகக் கொண்டதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருளாயின. அந்நிலத்து மரமும் பறவையும் மட்டுமன்றி, மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருளில் இடம்பெற்றன. ஆற்றுப்படை நூல்களும் வழி கூறுங்கால், அவ்வழியில் வாழ்வோர் யாவர், அவர் செய்தொழில் யாது, வருவோர்க்கு அவர் அளிக்கும் உணவு யாது என்பனவற்றை விடாது கூறின. மக்களை நீக்கி மண்ணைக் காண்பது தமிழ் மரபன்று.

இன்றோ, உலகின் பல பகுதிகளில் உழைப்பின் விளைநிலங்கள் உலாவிடங்களாகியுள்ளன. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களையும் பாலைநில மலைகளையும் காரில் சுற்றி மகிழ்வோர் பலர். அதே மாநிலத்து டிலானோவில் 1965-ஆம் ஆண்டு திராட்சை பறிப்போர் வேலைநிறுத்தம் செய்தனர்; மறு ஆண்டு, தலைநகர் சாக்ரமெண்டோவரை நடந்தே சென்று நீதி கேட்டனர். சாலை ஒருவர்க்கு உலாவிடம். மற்றொருவர்க்கு முறையீட்டுக் களம்.

கிள்ளான் வட்டாரச் சாலைகளுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. 1941-ஆம் ஆண்டு இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களை வழிநடத்தியோருள் ஆர். எச். நாதன் முதன்மையானவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றை அவர்கள் கோரினர். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையையும் கேட்டனர். மற்றுமொரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்ப்படுங்கால், தொழிலாளி மிதிவண்டியைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

மிதிவண்டியினின்று இறங்குவதால் உடலுக்கு நோவில்லை, கூலியும் குறைவதில்லை. எனினும், கூலிக் கோரிக்கையோடு அதனையும் ஒருங்கே வைத்தனர். பொதுவழியில் தன் போக்கில் இடையீடின்றிச் செல்லுதல், ஒருவன் பிறர்க்கு அடிமையல்லன் என்பதன் அடையாளம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

‘பிறர் உழைக்க, ஒருவர் உலாவுதல் தகுமோ?’ என்று ஓய்வையே குற்றமாகக் கருதுவோர் உளர். அத்தொழிலாளர் பிறர் ஓய்வை அழிக்கக் கேட்டாரல்லர். தமக்கும் அதில் பங்கு கேட்டனர். ஆதலின், இன்றைய இனிய பயணம் நாணத்தக்கதன்று, கடன்பட்டது.

அக்கடன் யாரிடம் தீர்க்கப்படும்? 1917-இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதல் நடப்பட்ட செம்பனை, பின்னாளில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் பரவியது. இன்று அதன் குலைகளை அறுப்போருள் மிகப் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோர். அன்று மிதிவண்டியைவிட்டு இறங்கி நின்றவனின் பேரன் இன்று காரில் செல்கின்றான். சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளியைக் காட்சியின் ஒரு துணுக்காக மட்டும் அவன் காண்பானாயின், ஆள் மாறியதன்றி முறை மாறிற்றில்லை. வண்டியின் விரைவைத் தணித்து, அத்தொழிலாளிக்கு வழிவிட்டு, உடன்வரும் பிள்ளைகளுக்கு அம்மிதிவண்டியின் கதையைக் கூறுவானாயின், அன்றே அவன் அச்சாலையை உள்ளவாறு கண்டவனாவான்.