பகலில் தெரியாத பச்சை

நம் வியாபாரப் பெருமக்களுக்கு ஊதா விளக்கு புதிய பொருளன்று. கல்லாவின் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, ஐம்பது வெள்ளி நோட்டை அதன் கீழே காட்டி, மறைந்திருக்கும் அடையாளம் ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியில் போடுகிறோம். ஜவுளிக் கடைக்காரர்கள் இன்னொன்றும் அறிவார்கள். அதே விளக்கின் கீழ் வெள்ளைச் சட்டை நீலமாகச் சுடர்விடும். துணிக்கும் சலவைத் தூளுக்கும் சேர்க்கும் வெண்மையூட்டும் மருந்தின் வேலை அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் குணம் சில பொருள்களுக்கு உண்டு.

இந்தக் குணமுள்ள மையை ஊசியால் தோலுக்குள் ஏற்றிப் பச்சை குத்திக்கொள்வதில் வாலிபர் சிலருக்கு இப்போது மோகம். பகலில் கை வெறுங்கையாகத் தோன்றும். இரவு விருந்துக் கூடத்தின் ஊதா வெளிச்சத்தில் பூவும் எழுத்தும் எழுந்து நிற்கும். இந்தக் கவர்ச்சியை நாம் பரிகசிக்கவில்லை. தனக்கும் தான் விரும்பியவருக்கும் மட்டும் தெரியும் ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ள மனிதன் என்றும் ஆசைப்பட்டே வந்திருக்கிறான். "முதலாளிக்குத் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது. யார் கண்ணிலும் படாததால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மறைவாக இருப்பதே குற்றமாகிவிடாது. நம்மில் யார் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் விரித்து வைக்கிறோம்? பச்சை குத்துவதை ஹதீஸ்கள் கண்டிப்பதும், உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஹராம் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. அந்தத் தடை பிறர் பார்வையைப் பற்றியதன்று, உடலில் செய்யும் மாற்றத்தைப் பற்றியது. அதை இங்கே விரிக்க அவசியமில்லை. நாம் யோசிக்க விரும்புவது குத்திக்கொள்பவனைப் பற்றியல்ல. குத்தி விற்பவனைப் பற்றி.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்ட வரலாறு வியாபாரிகளுக்கு மனப்பாடம். தானியம் மழையில் நனைந்தது அந்த மனிதரின் பிழையன்று. நனைந்ததை மேலே வைக்காமல் அடியில் வைத்ததற்கே கண்டனம் பிறந்தது. வாங்குபவன் கண்ணால் சோதிக்க முடியாத சரக்கில் விற்பவனின் வாய்ச்சொல்லே தராசு.

இப்போது இந்த மைக்கு வருவோம். "அமெரிக்காவில் அனுமதித்த மை, பயமில்லை" என்று விற்பவர்கள் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எந்த நிறப் பொருளையும் தோலுக்குள் செலுத்த அங்கீகரித்ததில்லை. ஒப்பனைப் பொருள்களுக்கு ஒளிர் நிறங்கள் எட்டை அது அனுமதித்துள்ளது. அவற்றிலும் ஒன்றைக்கூடக் கண்ணருகே பூசக்கூடாது. தோலின் மேல் பூசத் தந்த அனுமதியைத் தோலுக்குள் குத்துவதற்குக் காட்டுவது, கோழிக்கு வாங்கிய ஹலால் சான்றிதழைக் கடையிலுள்ள எல்லாச் சாமான்களுக்கும் மாட்டி வைப்பது போன்றதல்லவா? பச்சை குத்தும் மைகள் சிலவற்றில் அச்சு மைக்கும் மோட்டார் வண்டிச் சாயத்துக்கும் உரிய நிறப் பொருள்கள் இருப்பதை அதே நிர்வாகம் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

குத்திய மை குத்திய இடத்திலேயே அடங்கிக் கிடப்பதுமில்லை. 2017-ல் ஜெர்மனி, பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பச்சையின் நுண்துகள்களை நிணநீர் முடிச்சுகளில் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் இம்மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு வரம்பு விதித்தது. அரிப்பும் வீக்கமும் தடிப்பும் சிலருக்கு வருகின்றன. எல்லோருக்கும் வரும் என்று நாம் பயமுறுத்த மாட்டோம். ஒன்றும் நேராதவர்களும் அநேகர். ஆனால் பகலில் தெரியவே தெரியாது என்ற வாக்கும் முழு உண்மையன்று. ஊசி ஏற்படுத்திய தழும்பு மையில்லாமலே தெரியக்கூடும்.

இருட்டில் ஒளிரும் பொருளைப் பற்றி முன்பும் இப்படி வாக்குக் கொடுத்ததுண்டு. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் அமெரிக்காவின் நியூஜெர்சியில், கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசிய பெண்களுக்குத் தூரிகை முனையை உதட்டால் கூராக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தீங்கில்லை என்றும் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. ரேடியம் வேறு, இந்த மை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்றாக இருப்பது, அறியாததை அறிந்ததுபோல் சொன்ன அந்தச் சொல்தான்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத தொழில் என்று சிலர் எண்ணலாம். பசார் மாலாமில் பிள்ளைகளுக்கு ஒளிரும் முகச்சாயம் விற்பவர்கள் நம்மவரிலும் இருக்கலாம். கழுவினால் போகும் அந்தச் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது பெரிய சிரமமன்று. எழுதித் தர மறுக்கும் சரக்கை எடுக்காமல் விடலாம். கண்ணருகே பூசாதே என்று பிள்ளையின் தாயிடம் சொல்ல அரை நிமிஷம் போதும்.

ஏற்கெனவே குத்திக்கொண்டு வருந்தும் வாலிபனை ஏசுவதில் நமக்குச் சம்மதமில்லை. லேசர் மையின் நிறத்தைப் பிடித்தே அதை உடைக்கிறது. நிறமற்ற மையிடம் அதற்குப் பிடி கிடைப்பது கடினம். எடுப்பதால் உடலுக்குத் தீங்கு நேருமானால் எடுக்கக் கட்டாயமில்லை என்று உலமாக்கள் கூறியுள்ளனர். அவன் ஒளுச் செய்வதற்கும் அந்த மை தடையன்று. தண்ணீர் தோலின் மேல் ஓடுகிறது, மை தோலுக்கு அடியில் கிடக்கிறது.