சினமும் செல்லிடமும்

இலக்கிய மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழராகிய நமக்கு அவ்வினா எழாது. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டும் ஊர்களில் துப்பாக்கி உழவனின் கருவிகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பயிரழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதத்தில் உள்ளாட்சித் தலைவர்களுக்கே வழங்கியது. ஓரிரவில் ஓராண்டு உழைப்பு அழிவதைக் கண்டவர் எவரும் அதனைக் குறை கூறார். ஆயின் அவ்வாண்டு மார்ச்சிலேதான் இடுக்கி மாவட்டத்து மூலமட்டத்தில், உணவுக்கடையில் எழுந்த வாய்ச்சண்டையொன்று துப்பாக்கிச் சூட்டில் முடிந்து ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய செய்தி வந்தவுடன் 'சுட்டவனுக்குப் பித்துப் பிடித்திருக்கும்' என்று சொல்லி அமைதி கொள்வது நம் வழக்கம். நமக்கும் அவனுக்கும் இடையே ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும் எளிய வழி அது! ஆனால் சினம் நோயன்று. நம் எல்லோரிடத்தும் உள்ளது. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில், தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குபவனையே காப்பவன் என்கிறார். மெலியவனுக்கு வலியவன்முன் சினம் செல்லாது; ஆகவே தீங்கும் சிறிது. துப்பாக்கியோ எவ்விடத்தையும் செல்லிடமாக்கிவிடுகிறது. கையில் அஃது உள்ளவரை மெலியவன் என்று ஒருவனும் இல்லை.

நோயுற்ற மனமும் கருவியும் சேர்ந்த நேர்வும் உண்டு. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் சுட்டு 32 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. கோபி வட்டார வயல்களுக்கு நீர் தரும் பவானி நம் அட்டப்பாடி வழியே செல்லும் ஆறு என்பதை எண்ணுங்கால் அச்சாவு நமக்கு அயலாகத் தோன்றவில்லை.

அம்மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று கண்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறு 2005-இலேயே நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்படாமையால் அவன் பெயர் துப்பாக்கி வாங்கத் தடையுள்ளோர் பட்டியலில் ஏறவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை அவன் விற்பனையாளரிடமே வாங்கினான். 2008 சனவரியில் அந்நாட்டினர் சட்டத்தைத் திருத்தினர்.

ஆகவே மனநோயாளரைப் பட்டியலிட்டு ஒதுக்கிவிடலாம் என்பார்க்கு நாம் முக்காலியைக் காட்டுவோம். மனநலம் குன்றிக் காட்டில் ஒதுங்கி வாழ்ந்த பழங்குடி இளைஞர் ஒருவரை, அரிசி திருடினார் என்று சொல்லி 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில் ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அங்கே துப்பாக்கியும் இல்லை, அடித்தவர் பித்தரும் அல்லர். மனநோயாளியைக் கண்டு நாம் அஞ்சுவதினும் அவர் நம்மைக் கண்டு அஞ்சுவதற்கே காரணம் மிகுதி.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் சித்தம் கலங்கியவர்க்கு உரிமம் மறுக்கிறது. 2019-இல் அதனைத் திருத்தியபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தனர். உரிமத்தின் காலத்தையோ மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டினர். ஐந்தாண்டில் ஏலக்காய் விலை எத்தனை முறை வீழும்! கடனும் உறக்கமின்மையும் ஒருவரை எந்நிலைக்குக் கொண்டுசெல்லும்! தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அப்போது மட்டும் நம் சினத்தை அரசு நம்புவதில்லை போலும்.

எனினும் ஓர் இடர் உண்டு. மனம் தளர்ந்ததாகச் சொன்னால் துப்பாக்கி போய்விடும், ஊரும் அறிந்துவிடும் என்று அஞ்சும் உழவர் மருத்துவரிடம் செல்லவே மாட்டார். நோயைச் சொல்பவர் தண்டிக்கப்படுவதும், மறைப்பவர் கருவியோடு வீட்டிலிருப்பதும் அறமாகுமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. நோயாளியின் மறையைக் காக்கவும் கட்டளையிட்டது. நம் கருத்தில், கருவிக்கான கட்டுப்பாடு நலமுற்றோர், நோயுற்றோர் என்று பாராது அனைவர்க்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். பன்றி வரும் பருவம் நீங்கியபின் துப்பாக்கி எல்லார் வீட்டிலும் இருந்தே தீர வேண்டுமா? ஒரு பொது இடத்தில் பூட்டி வைத்தால் எவர்க்கும் இழுக்கில்லை. நோய் மறைக்கும் காரணமும் ஒன்று குறையும்.

மருத்துவத்திலோ நமக்குத் தனியொரு குறையுண்டு. கேரளத்தின் மூன்று அரசு மனநல மையங்களும் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோட்டில் உள்ளன. இங்கே மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. ஆயினும் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளியும் கொழிஞ்சாம்பாறை உழவரும் எம்மொழியில் தம் துயரைச் சொல்வது? வயிற்றுவலியைக் கையால் காட்டிவிடலாம். மூன்று மாதமாக உறக்கமில்லை, யாரோ என்னை ஏசுவதுபோல் கேட்கிறது என்பதைத் தாய்மொழியிலன்றிச் சொல்ல இயலுமோ? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இந்திய மொழிகள் பலவற்றில் பேசலாம். ஆனால் அந்த எண் எத்தனை லயங்களின் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது? கவியரங்கத்திற்கு ஆண்டுதோறும் பந்தலிடும் நம் சங்கங்கள், தமிழறிந்த மனநல ஆலோசகர் ஒருவரையேனும் மலைமேல் அமர்த்துமாறு மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பந்தலும் வேண்டியதில்லை.