உடைந்த கண்ணாடியும் சகுனமும்

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் பகுதியில், கண்ணாடி கைதவறி உடைந்தால் வீட்டுக்கு முஸீபத்து வரும் என்று மூதாட்டியர் சிலர் சொல்லக் கேட்கிறோம். உடைத்தவள் புது மருமகளாயின், அதன்பின் நேரும் நோயும் நஷ்டமும் அவள் தலையிலேயே விழுகின்றன.

அறியாமைக் காலத்து அரபிகள் பறவையை விரட்டி, வலப்புறம் பறந்தால் நன்மை, இடப்புறம் பறந்தால் தீமை என்றனர். பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்னும் சொல்லிலிருந்தே சகுனத்துக்குத் ‘தியரா’ எனும் பெயர் வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனை மறுத்தார்கள்.

கி.பி. 632-இல் அவர்களுடைய அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. குழந்தையின் மரணமே காரணம் என்று மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அண்ணலார் அத்துயரத்திலும் திருத்தினார்கள். தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் பொய்யையே அவர்கள் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்த பெண்மீது பழி சுமத்தும் பொய்யை நாம் ஏற்கலாமா?

கண்ணாடிச் சில்லை உடனே கூட்டி அள்ளுவோம். அது காலைக் கிழிக்கும். பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. ஆனால் நன்மை தீமையை அச்சில்லின் கையில் ஒப்படைப்பது ஈமானையே கிழிப்பதாகும்.

முஃமினுக்கு முஃமினைக் கண்ணாடியாக உவமித்தது நபிமொழி. அந்தக் கண்ணாடியை நாவினால் உடைப்பதற்கன்றோ நாம் அஞ்ச வேண்டும்!