பெயர் சொல்லி ஜெபித்தல்

ஜெபக்குறிப்புகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் செங்கம் பக்கத்துச் சபைகளில் உண்டு. கூட்டம் நடத்துகிறவர் எல்லாவற்றையும் சேர்த்து வாசிப்பார். வியாதியஸ்தர்கள், வேலை தேடும் வாலிபர்கள், குழந்தைப் பாக்கியத்துக்காகக் காத்திருப்பவர்கள், கடன் பாரத்தில் இருப்பவர்கள் என்று வரிசையாக வரும். வாசித்து முடித்ததும் சபை முழுவதும் ஒரே குரலாக ஜெபிக்கும். அந்த நேரத்தில் உருக்கத்துக்குக் குறைவில்லை, கண்ணீரும் வரும். ஆனால் வெளியே செருப்பு மாட்டும்போது, யாருக்கு என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

எப்படி ஜெபித்தால் கேட்கப்படும் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இன்னும் அதிக நேரம் ஜெபி, விடியற்காலையில் எழுந்து ஜெபி, உபவாசம் இரு, முழு இரவு ஜெபத்துக்கு வா என்பவைதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள். அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். உபவாச நாட்கள் என் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆனாலும் நம் ஜெபத்தின் பெரிய பலவீனம் நேரக் குறைவு அல்ல என்றே நினைக்கிறேன். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரை நமக்குத் தெரியவில்லை. அதுதான் குறை.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த வட்டாரங்களில் செங்கம் ஒன்று. பல்லவர் காலத்து வட்டெழுத்தில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் ஆநிரை கவர்ந்தார்கள், மீட்கப் போய் விழுந்தவன் யார், அவன் யாருடைய ஆள் என்று சில வரிகளுக்குள் பொறித்திருப்பார்கள். எடுத்தனூர் நடுகல், வீரனோடு சேர்த்து அவனுடைய நாயையும் பதிவு செய்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்தது என்பது வரைக்கும் அந்தக் கல்லில் இருக்கிறது. வீரம் மிக்கவர் அனைவருக்கும் வணக்கம் என்று பொதுவாக எழுதியிருந்தால் 1,400 ஆண்டுக்குப் பிறகு நமக்கு ஒருவரையும் தெரிந்திருக்காது. நம் பரிந்துரை ஜெபங்களும் அந்தக் கல்லைப் போலப் பெயரும் ஊரும் நடந்ததும் உடையவையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடவுளுக்கு எல்லாம் தெரியுமே, விவரம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் கேட்பதற்கு முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று இயேசுவே மலைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அதே இயேசு எரிகோ வழியில் பர்திமேயுவைப் பார்த்து, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே நின்ற சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் அவன் வாயால் அது வரட்டும் என்று காத்திருந்தார். லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் நடுராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனையும் பாருங்கள். அவன் விடாமல் தட்டியதைப் பற்றித்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்கிறோம். அவன் கேட்டது மூன்று அப்பம் என்பதை நாம் கவனிப்பதில்லை. தனக்காகவும் அவன் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காகக் கேட்கிறான். பசித்தவனைத் தன் வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்ததால்தான் எத்தனை அப்பம் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஆயா ஒருவர் இப்படித்தான் ஜெபிப்பார். படிப்பு இல்லை, சரளமாக ஜெபிக்கவும் வராது. யாராவது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஜெபம் பண்ணுங்க ஆயா என்றால் உடனே கண்ணை மூட மாட்டார். "எத்தினி நாளா காய்ச்சலு? எதுனா சாப்புடுறானா? ரத்தம் டெஸ்ட் எடுத்தியா? காசு வச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவசரத்தில் வந்தவர்களுக்கு எரிச்சல்கூட வரும். பதில் எல்லாம் வாங்கிக்கொண்டு அவர் ஜெபிக்கும்போது, அந்தப் பையன் இரவில் எத்தனை முறை எழுந்தான் என்பது வரை ஆண்டவரிடம் சொல்வார். அடுத்த நாள் காலையில் கஞ்சியோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார். கேட்ட கேள்விகள்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், திருப்பத்தூரில், இதையே வாழ்க்கை முறையாக வைத்துக்கொண்ட இருவர் இருந்தார்கள். டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள். மக்கள் அவர்களைப் பெரிய அண்ணன், சின்ன அண்ணன் என்றே அழைத்தார்கள். ஆசிரமத்துக்குள் திராவிடக் கோயில் பாணியில் கோபுரத்தோடு ஒரு ஜெபாலயம் எழுந்தது. ஜெபாலயமும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில், ஒரே ஆட்களின் பொறுப்பில் இருந்தன. காலையில் ஜெபிக்கிறவரே பகலில் புண்ணைக் கழுவிக் கட்டினால், மறுநாள் காலை ஜெபத்தில் அந்தப் புண் நிச்சயம் வரும். 1932-இல் சென்னையில் சுதந்திரப் போராட்ட மறியல் நடந்த இடத்தில் பேட்டன் போலீஸ் தடியடி வாங்கினார். இந்த மக்களுக்காக ஜெபித்த ஒருவர் இவர்கள் அடிபடும் இடத்தில் போய் நின்றதில் எனக்கு வியப்பு இல்லை.

நம் காலத்துக்கு வருகிறேன். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஏழைகள், ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அது. சாமையும் புளியும் வருஷம் முழுவதும் வயிற்றை நிரப்பாதபோது ஆட்கள் கூலிக்கு இறங்கிப் போகிறார்கள். "மலைவாழ் மக்களை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்பது நம் வாயில் பழகிய ஜெபம். தரகர் யார், முன்பணம் எவ்வளவு, ஆள் திரும்பாத வீட்டில் ரேஷன் வாங்கக் கீழே வருவது யார் என்று தெரிந்துகொண்டு ஜெபித்திருந்தால் அந்த ஜெபம் வேறு மாதிரி இருந்திருக்கும். சில கால்கள் மலையேறியும் இருக்கும்.

தூரத்து மனிதர் மட்டுமல்ல, வீட்டுக்குள் இருப்பவர்களும் இதில் அடக்கம். மனைவிக்கு உரிய மரியாதையைக் கொடு, இல்லாவிட்டால் உன் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கணவர்களை எச்சரிக்கிறார். குடும்ப ஜெபத்தில் கணவர் நீளமாக ஜெபிக்க, வேலைக்குப் போய் வந்த மனைவி அடுப்பில் இருக்கும் குழம்பை நினைத்தபடி உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இந்த வசனத்தை உரக்க வாசிக்க வேண்டும். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்னதும் அதே திசையில்தான் இருக்கிறது. சாதியின் பேரில் தனித்தனியாக உட்காரும் சபைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் உட்காரக்கூட மனம் இல்லாதவருக்காக ஏறெடுக்கும் ஜெபத்தை ஜெபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி ஜெபித்தால் எல்லாம் கேட்டபடி நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசு ஒரே வேண்டுதலை மூன்று முறை ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் அப்படியே இருந்தது. பெயர் சொல்லி ஜெபித்த பிள்ளையை அடக்கம் செய்த வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். ஏன் என்பதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாயைச் சுற்றி, அவள் பிள்ளையைப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். வாரக் கடைசியில் அவருக்கு ஒரு போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.