எவ்வளவு தூரம்?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஐயா, லண்டன் எம்புட்டுத் தூரம்?"

"சென்னையிலிருந்து வான்வழியே சுமார் 8,200 கிலோமீட்டர், அம்மா. நடுவில் இறங்காத விமானமானால் பத்துப் பதினோரு மணி நேரம்."

"விடிஞ்சு ஏறினா அடையிறதுக்குள்ள போயிரலாம்னு சொல்லுங்க." சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "அப்புறம் ஏன் எம்மவன் வந்து மூணு வருசமாச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை.

தூரம் பூமியின் கணக்கு, அது மாறாது. பயண நேரம் அப்படியல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, லண்டனுக்குப் போகும்போது எதிர்த்து நிற்கிறது; திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் போகிற நேரம் வருகிற நேரத்தைவிட அதிகம். மனிதர்களுக்கு நடுவிலும் இப்படி ஒரு காற்று உண்டு. அதிகாரம் என்பது அதன் பெயர்களில் ஒன்று.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து இராமநாதபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 65 மைல். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரச் சொல்லி அழைத்தார். போன இடத்தில் பேட்டி கொடுக்கவில்லை. குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என்று ஊர் ஊராகத் தம் பின்னால் அலைய வைத்து, கடைசியில் இராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். 23 நாள், 400 மைல் என்கிறது வரலாறு. அந்தத் தூரத்தை உண்டாக்கியது பூமியல்ல, ஒருவருடைய செருக்கு. அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறு ஆண்டு கயத்தாற்றில் தூக்குக் கயிறு.

இன்று பாஞ்சாலங்குறிச்சிக்குத் தெற்கே, வாகைக்குளத்தில் சென்னை விமானம் வந்து இறங்குகிறது. லண்டனில் காலையில் புறப்பட்டவன் மறுநாள் தாயின் வீட்டில் சாப்பிடலாம். கம்பெனிக் காலத்தில் அதே வழிக்குக் கப்பலில் மாதக்கணக்காகும். அந்நாளில் வராத மகனுக்காகக் கடலே சாக்குச் சொல்லிற்று. வேகம் அந்தச் சாக்கைப் பறித்துவிட்டது.

அதற்காக அந்த மகன்மேல் பழி சுமத்த நான் துணியவில்லை. விடுப்புக்காக எந்த மேலாளரின் வாசலில் அவன் காத்து நிற்கிறானோ! டிக்கெட்டுக்குச் சேர்த்த பணம் எந்தக் கடனுக்குப் போயிற்றோ! ஜாக்சனைப் போலக் காக்க வைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தடுப்பார் யாருமில்லாமல், வழியும் இருந்து, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடுகிறோமே, அப்போது காக்க வைப்பவர் யார்? வாசலில் நிற்பவர் யார்?

நான் எழுந்தபோது அந்த அம்மாள் ஒரு பிடிக் கடலையை என் கையில் வைத்தாள். என் தாயைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இருக்கும் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.