தேடலில் விளையும் மகிழ்ச்சி

வாசகருக்கு வேண்டிய தகவல் எந்த நூலில், எப்பகுதியில் உள்ளதெனக் கண்டறிய நூலகர் நேரில் துணைநிற்பது, நூலக அறிவியலில் நோக்கீட்டுப் பணி எனப்படுகிறது. சட்ட நூல் வேண்டுமென்று வருபவருக்கு உண்மையில் தேவைப்படுவது, தந்தையின் சொத்தில் மகளுக்குள்ள உரிமையைக் கூறும் ஒரு சட்டப்பிரிவாக இருக்கலாம். ஆகவே, பொறுமையாக உரையாடி, வாசகரின் மனத்திலுள்ள வினாவைத் தெளிவாக்கிக்கொள்வது இப்பணியின் முதற்படியாகும். அதன்பின், பொருள்வாரியான நூற்பட்டியல், கலைக்களஞ்சியம், அரசிதழ், பழைய இதழ்த் தொகுதிகள் ஆகியவற்றின் வழியே இருவரும் சேர்ந்து விடையைத் தேடுகின்றனர்.

கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலில் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். அவற்றுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும், வாசகரின் நேரம் மிச்சப்பட வேண்டும் என்னும் மூன்று விதிகள், நோக்கீட்டுப் பணியில் ஒருங்கே நிறைவேறுகின்றன.

நெடுங்காலம் எவரும் எடுத்துப் பாராத நூலொன்று உரியவரின் கையைச் சேர்ந்து, அவருடைய ஐயம் நீங்கும்போது நூலகர் அடையும் மகிழ்ச்சி, பிறரது தெளிவைத் தன் பேறாகக் கொள்ளும் மனத்திலிருந்து ஊறுவதாகும். கற்றதைத் தமக்குள் பூட்டிவைப்பவரைவிட, அறியும் வழியைப் பிறருக்குத் திறந்துவிடுபவரே கல்வியின் பயனை முழுமையாக அடைகிறார்.